வலது கையில் ஒரு புள்ளி

எக்ஸ்ரே அக்காவுக்கு வீட்டில் ஒரு புருஷன், இரண்டு கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு தொடுப்பு. இப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது அக்கம்பக்கத்து வம்பர்கள் இல்லை, சாட்சாத் அவளுடைய புருஷனேதான். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களை மீட்கப் போனால், கதவை நெம்பும் வரை அவர்கள் பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளியே நின்றபடி இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவார். "நம்ம வீட்டுக்காரம்மா இருட்டினா போதும் சார், மொட்டை மாடிக்கு ஓடிடுவாங்க. அங்க ஒருத்தரு காத்திட்டிருக்காரு. வயசு கொஞ்சம் ஜாஸ்தி, ஆயிரம் கோடி வருஷம் இருக்கும்." உள்ளே இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அதற்குள் கதவும் திறந்துவிடும்.

அவர் தொடுப்பு என்று சொன்னது ஒரு சுருள் விண்மீன் திரளை. நம் சூரியனைப் போலப் பல்லாயிரம் கோடி நட்சத்திரங்கள் நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் இரண்டு கைகளை வளைத்து வீசிக்கொண்டு சுழல்கிற பெருங்கூட்டம் அது. பட்டியலில் அதற்கு ஓர் எண் உண்டே தவிர, பெயர் என்று ஒன்று கிடையாது. வானம் பார்க்கிறவர்கள் மத்தியில் அதற்கு நல்ல பெயரும் கிடையாது, காரணம் அதன் ஊதாரித்தனம். மற்ற திரள்களில் நூறு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ நட்சத்திரம் வெடித்துச் சாகும். சாகும்போது, கூட இருக்கிற அத்தனை கோடிப் பேருக்கும் போட்டியாகச் சில வாரம் கொழுந்துவிட்டு எரிந்துவிட்டுத்தான் அணையும். அதற்குத்தான் சூப்பர்நோவா என்று பெயர். இந்தத் திரளோ பத்து வருஷத்துக்குள் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிடும்.

அக்காவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்த ஊதாரி அடுத்த தடவை கொளுத்திப் போடும்போது, உலகத்தில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்துவிட வேண்டும். நகை வேண்டும், வீடு வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதே இல்லை. இதைக் கேட்கலாம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

பிழைப்பு மருத்துவமனையில், தரைத்தளத்துக் கடைசி அறையில். இரும்புக் கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, வெளியே நீளமான கூடம், கூடத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிற கூட்டம். நெஞ்சு, முதுகு, மூட்டு என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். "மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, ம், விடுங்க" என்று அவள் சொல்வது தூக்கத்தில்கூட வந்துவிடும். அதைக் கேட்டுப் பக்கத்தில் படுத்திருக்கிற லிஃப்ட்காரரும் தூக்கத்திலேயே மூச்சை நிறுத்திக்கொண்டு படாத பாடு படுவார்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் எது தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது, சொல்ல வேண்டியவர் டாக்டர். வாய் மட்டும் என்ன, முகமும் திறக்கக் கூடாது. ஏனென்றால் படுத்திருப்பவர்களுக்குக் கண்ணெல்லாம் அவள் முகத்தில்தான் இருக்கும். புருவம் இம்மி உயர்ந்தால் போச்சு, வீட்டுக்குப் போய் உயில் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முகத்தைக் கழுவிக் கவிழ்த்த பாத்திரமாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு படத்துக்கும், "ஒண்ணும் இருக்கக் கூடாது, புள்ளி கிள்ளி எதுவும் வந்துடக் கூடாது" என்று வேண்டிக்கொள்வாள். பகல் பூராவும் புள்ளி வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள், சாயங்காலம் வீட்டு மாடிக்குப் போய்ப் புள்ளி வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் மேலே இருப்பவர்தான் என்ன செய்வார், பாவம்.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு நாள்காட்டியால். எக்ஸ்ரே கருவி விற்கிற கம்பெனிக்காரர்கள் கொண்டு வந்து மாட்டியது. ஒரு மாதத்தாளில் இந்தத் திரளின் படம் இருந்தது. அக்கா அதைப் பார்த்தவுடன், இது யாருடைய நெஞ்சு, இவ்வளவு மோசமாக இருக்கிறதே என்றுதான் நினைத்தாள். கிட்டே போய்ப் படித்தபின் அங்கேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தாளைக் கிழிக்க யாரையும் விடவில்லை. வருஷம் முடிகிறவரை எக்ஸ்ரே அறையில் ஒரே மாதம்தான் நடந்தது, சம்பளத் தேதி கேட்டவர்கள் பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு வானம் பார்க்கும் குழுவில் சேர்ந்தாள், யாரோ பயன்படுத்திய தொலைநோக்கி ஒன்றை வாங்கினாள். அது வானத்தோடு சேர்ந்து தானாக நகர வேண்டுமே என்று கவலைப்பட்டபோது, "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்று புருஷன் ஒரு பழைய லிஃப்டின் கதவு மோட்டாரைக் கழற்றி வந்து பொருத்திக் கொடுத்தார். நன்றாகவே வேலை செய்தது. மணியைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டார். அன்றிலிருந்து தொலைநோக்கி திரும்பி அந்தத் திரளுக்கு நேரே போய் நின்றதும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். "ரெண்டு கோடி ஒளியாண்டு வந்தாச்சு, இறங்கறவங்க இறங்கலாம்" என்பார் அவர்.

அவள் காவல் காக்க ஆரம்பித்தபின் திரள் இரண்டு தடவை கொளுத்திப் போட்டது. இரண்டையும் அக்கா கோட்டைவிட்டாள். முதலாவது வெடித்த அன்று தொலைநோக்கியைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று அக்கக்காகக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பியிருந்தாள், கண்ணாடியின் மேல் புருஷன் தெரியாமல் தயிர்க் கிண்ணத்தை வேறு வைத்திருந்தார். அது போகட்டும். இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். அது அவளே எடுத்த படத்தில் இருந்தது. நாத்தனார் கீழ்வீட்டுக்குக் குடிவந்த வாரம் அது, பாத்திரம் பண்டம் தூக்கி வைக்கிற அமளியில் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பார்ப்பதற்குள் குழுவிலேயே இன்னொருவர், வரி ஆபீஸ் குமாஸ்தா, கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். மாலை போட்ட படத்தில் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை அக்கா ரொம்ப நாள் மறக்கவில்லை.

இந்தக் காலத்தில் பெரிய பெரிய தானியங்கித் தொலைநோக்கிகள் ஒட்டடை அடிக்கிற மாதிரி வானம் முழுக்கத் துழாவிவிடுகின்றன, மாடியில் நிற்கிற மனுஷிக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். மிச்சம் உண்டு. சூரியன் இறங்கிய கையோடு மேற்கே அடிவானத்தில் கிடக்கிற பொருள்களை அந்தப் பெரிய இடத்துக் கருவிகள் சட்டை செய்வதில்லை. வருஷத்தில் ஒரு சில வாரம், சூரியனுக்குப் பின்னால் ஒளிவதற்கு முன், அந்தத் திரள் அங்கேதான் கிடக்கும். அந்தச் சில வாரமும் அக்கா மருத்துவமனையிலிருந்து ஓட்டமாக வருவாள். பையைத் தூக்கிப் போட்ட வேகத்திலேயே மாடிப்படி ஏறுவாள்.

அப்படி ஏறிய ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மேற்கே சிவப்பு இன்னும் முழுதாக வடியவில்லை. இன்னும் மூன்று நான்கு நாள்தான், அப்புறம் திரள் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும், திரும்ப வர மூன்று மாதத்துக்கு மேலாகும். கொடியில் காய்ந்த போர்வையை விலக்கிவிட்டுத் தொலைநோக்கியைத் திருப்பினாள். டிங். படம் எடுத்தாள். போன வாரத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கணினியில் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

கையில் ஒரு புள்ளி. போன வாரம் இல்லை, இப்போது இருக்கிறது.

புள்ளியைப் பார்த்த உடனே நம்புகிற ஆள் இல்லை அவள். சட்டையைக் கழற்றாமல் நின்றவரின் பொத்தானே நெஞ்சில் வட்டமாகத் தெரிந்து, குடும்பமே அழுது தீர்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆளைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னொரு படம் எடுக்க வேண்டும். இங்கே திரளை நகர்த்த முடியாது, அதனால் தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்தாள். தூசி என்றால் புள்ளி படத்தில் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். இல்லை, திரளோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. கேமராவைத் திருகிவிட்டு எடுத்தாள். அப்போதும் இருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தாள். திரளே அடிவானத்துக் கட்டடத்தின் பின்னால் சரியத் தொடங்கிவிட்டது, புள்ளி மட்டும் கையை விட்டு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

டீயோடு மேலே வந்த புருஷன் அவளைப் பார்த்துவிட்டு நின்றார். "என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? யாருக்கு என்ன?"

"என்னங்க," என்றாள். முகத்தில் ஒரு ரேகை மாறவில்லை, பழக்கதோஷம். ஆனால் கால் கேட்கவில்லை. முதலில் வலது கால் தாளம் போட்டது, அப்புறம் இடது கால், அப்புறம் அக்கா டீக்கோப்பையோடு சேர்த்துப் புருஷனைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். விஷயம் என்னவென்று தெரியாமலே அவரும் சுற்றினார். போர்வை காலில் சிக்கி, கொடி அறுந்து, டீ சிந்தி, இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியில் போய் மோதி நின்றார்கள்.

"மேல என்ன, யானையா நடக்குது?" என்று கீழேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

"உங்க அண்ணிக்குப் புள்ளி கிடைச்சிருச்சு!" என்று மாடிச் சுவரில் எக்கிக் கத்தினார் லிஃப்ட்காரர்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்க!"

"சொல்லலையே, அவ நம்ம வீட்டு ஆளு."

குழுவின் செயலாளர் ஒரு மாட்டு டாக்டரம்மா. பெரிய குரல், பெரிய மனசு, சட்டத்தில் மட்டும் கறார். புள்ளியைக் கண்டவர் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது, இடத்தை வாயால் மட்டும் சொல்ல வேண்டும், மற்ற இரண்டு பேர் தாங்களாகப் படம் எடுத்து அங்கே பார்க்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அதற்கும் ஒரு கதை உண்டு. முன்பு ஒரு தடவை ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, குழுவே "ஆமா, எனக்கும் தெரியுது" என்று குதித்து, வெளிநாட்டுக்கெல்லாம் தகவல் பறந்து, கடைசியில் அது கேமராவில் செத்து ஒட்டியிருந்த கொசு என்று தெரிந்தது. அதிலிருந்து டாக்டரம்மா முதலில் கண்டவரின் படத்தை நம்புவதில்லை.

"எங்க இருக்கு? வாயால சொல்லு," என்றார் தொலைபேசியில்.

"வலது கைல. முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் மேல."

"எலும்பு டாக்டர் மாதிரி சொல்ற. சரி, நாளைக்கு நம்ம குழுத் தையற்காரரையும் வரி ஆபீஸ்காரரையும் அவங்கவங்க ஊர்லேருந்து எடுக்கச் சொல்றேன். சீக்கிரம் ஊர்ஜிதம் பண்ணியாகணும். விட்டா சூரியனுக்குள்ள போயிடும், திரும்பி வர்றப்போ உன் புள்ளி மங்கிப் போயிருக்கும். அப்புறம் நீ பாத்தேன்னு சொன்னா யாரு நம்புவா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவின் கால் தரையில் பாவவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்து, சாதத்தில் இரண்டு தரம் போட்டாள். துணிக்கு இஸ்திரி போடுகிறேன் என்று மேஜை விரிப்பை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, சேலையை மேஜையில் விரித்தாள். புருஷனோ யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு, நாலாவது மாடியில் சிக்கிய ஒரு கல்யாணக் கோஷ்டி முழுவதுக்கும் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் மட்டும் இங்கே மேகம். அக்கா கவலைப்படவில்லை, அந்த இரண்டு பேரின் ஊரிலும் வானம் பளிச்சென்று இருப்பதாகத் தகவல்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டார். அந்தப் பெரிய குரல் இன்று சின்னதாக வந்தது.

"ரெண்டு பேரும் எடுத்தாங்கம்மா. வலது கையைத் தோள்லேருந்து விரல் வரைக்கும் பாத்துட்டாங்களாம். நானும் அந்தப் படங்களைப் பாத்தேன். அந்தக் கைல ஒண்ணுமே இல்ல. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

"நான் நாலு தரம் எடுத்தேன் டாக்டரம்மா. படத்தை அனுப்பட்டுமா?"

"கொசுவை மறந்துட்டியா? சட்டம் எனக்கும்தான், உனக்கும்தான். நாளைக்கு எல்லா ஊர்லயும் மேகம்னு சொல்றாங்க. விட்டுடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அக்கா போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். அவமானமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது. இரண்டு தடவை கோட்டைவிட்டது கூடப் பரவாயில்லை, இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொன்னவள் என்ற பெயர் வந்துவிட்டதே. பகலெல்லாம் புள்ளி பார்க்கிற கண் இது. இந்தக் கண்ணையே நம்ப முடியாது என்றால் நாளைக்கு எந்த முகத்தோடு அந்த அறைக்குள் போவது? புருஷன் பின்னால் வந்து, "உன் ஆளு என்ன, நம்மளை ஏமாத்திட்டு வேற யாரு கூடவாவது..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

"இருந்துச்சுங்க," என்றாள் அவள். கணினியைத் திறந்து படத்தைக் காட்டி, விரலை வைத்தாள். "இதோ இருக்கு பாருங்க. வலது கைல, நான் சொன்ன எடத்துலயே இருக்கு."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "எனக்கும்தான் தெரியுது."

"அப்ப அவங்களுக்கு ஏன் தெரியல?"

லிஃப்ட்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் படத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை கூடத்தில் வழக்கம்போல் கூட்டம். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ உள்ளே வந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஆள் கதவை அடைக்கிற மாதிரி இருந்தார், மீசை ஒன்று போதும் இரண்டு பேருக்குப் பங்கு வைக்கலாம். ஆனால் இருமல் விடவில்லை என்று பெண்டாட்டி பிடித்துத் தள்ளி அனுப்பியதில் குழந்தை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றும்போதே, "ஏதாவது தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் எடுக்கவே இல்லைங்க. எடுத்ததும் டாக்டர் சொல்வாங்க. மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க. ம், விடுங்க."

திரையில் படம் வந்தது. அக்கா வழக்கம்போல் முதலில் அடையாளத்தைப் பார்த்தாள். எது வலப்பக்கம் என்று குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, ஆளின் வலது தோள் பக்கமாக ஒரு சின்ன ஈய எழுத்தை வைத்துத்தான் எந்தப் படமும் எடுப்பார்கள். அந்த எழுத்து திரையில் அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, என்றைக்கும் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்பதாகத்தான் கணக்கு, அதனால் அவருடைய வலது கை நமக்கு இடது பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது இது. அப்புறம் யோசிக்கவே வேண்டியிருக்காது, இடது பக்கம் பார்த்தால் வாய் தானாக வலது என்று சொல்லும்.

வாய் தானாக வலது என்று சொல்லும்!

அக்கா அந்த ஈய எழுத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். சனிக்கிழமை அவள் புள்ளியைப் பார்த்தது படத்தின் இடப்பக்கம். டாக்டரம்மாவிடம் சொன்னது வலது கை. நேற்று ராத்திரி புருஷனிடம் இடது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே வலது கை என்றாள், அந்த மனுஷரும் தெரியுது என்றார். தையற்காரரும் வரி ஆபீஸ்காரரும் எக்ஸ்ரே எடுக்கிறவர்களா என்ன? வலது என்றால் படத்தின் வலப்பக்கம்தானே பார்ப்பார்கள்! அந்தத் திரள் என்ன, சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தா நிற்கிறது?

"ஐயய்யோ!" என்றாள் வாய்விட்டு.

டிரைவர் திரும்பினார். திரையில் தன்னுடைய நெஞ்சு, அதைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி நிற்கிற எக்ஸ்ரே அக்கா. "என்னம்மா?" என்றார், சத்தமே வரவில்லை.

"நீங்க வெளிய உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க," என்று சொல்லிப் படத்தை டாக்டர் அறைக்கு அனுப்பிவிட்டு, அக்கா இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அறைக்குள் போனில் சிக்னல் கிடைக்காது, கூடத்தின் நடுவில்தான் கிடைக்கும். டிரைவர் சட்டையைக் கையில் பிடித்தபடியே பின்னால் வந்து, யாரோ எழுந்து கொடுத்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

டாக்டரம்மா எடுத்ததும் முதலில் கேட்டது ஒரு பசு மாட்டின் முக்கல். "சீக்கிரம் சொல்லும்மா, பாதிக் கன்னு வெளிய வந்திருக்கு. பக்கத்துல ஒருத்தர் போனைக் காதுல பிடிச்சிட்டிருக்காரு, என் கை ரெண்டும் இங்க மாட்டிட்டிருக்கு."

"இடது பக்கம்!" என்று கத்தினாள் அக்கா. கூடமே திரும்பிப் பார்த்தது. "தப்பாச் சொல்லிட்டேன் டாக்டரம்மா! வலது பக்கம் இல்ல, இடது பக்கம் பாருங்க! அவங்க ரெண்டு பேர் படத்துலயும் இடது பக்கம் பாருங்க!"

"படம் போன்லதான் இருக்கு. கன்னு வரட்டும், இரு."

"என்னால இருக்க முடியல டாக்டரம்மா!"

"மாட்டாலயும்தான் இருக்க முடியல!"

கன்று சாவகாசமாக வந்தது. அக்கா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். காத்திருந்தவர்களின் தலையெல்லாம் அவளோடு சேர்ந்து இங்கும் அங்கும் திரும்பின. டிரைவர் தன் நெஞ்சின் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் முக்கல், தண்ணீர் கொட்டுகிற சத்தம், யாரோ "கிடேரிக் கன்னுங்க!" என்று சந்தோஷப்படுகிற சத்தம், டாக்டரம்மா கை கழுவுகிற சத்தம். அப்புறம் டாக்டரம்மா போனில் படத்தைத் தேடுகிற முணுமுணுப்பு.

"ஏ பொண்ணே," என்றது குரல், இப்போது பழைய பெரிய குரலாக. "போன வருஷத்துப் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன். இருக்கு."

"இருக்கா?"

"தையற்காரர் படத்துலயும் இருக்கு. வரி ஆபீஸ்காரர் படத்துலயும் இருக்கு, நல்லாப் பளிச்சுனு இருக்கு. ரெண்டு பேரும் வலது பக்கத்தையே முறைச்சுப் பாத்திருக்காங்க, நானும் அந்த லட்சணம்தான். இப்பவே தகவல் அனுப்பறேன். முதல்ல பாத்தவங்கன்னு உன் பேரைத்தான் போடறேன். வேற யாரும் இன்னும் சொல்லல."

அக்காவின் முகம் இத்தனை வருஷமும் தேக்கி வைத்ததையெல்லாம் ஒரே வீச்சில் திறந்துவிட்டது. வாயெல்லாம் பல், கண்ணெல்லாம் தண்ணீர். போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கூடம் அதிரக் கத்தினாள்: "இருக்கு! புள்ளி இருக்கு! இடது பக்கம் பளிச்சுனு இருக்கு! வெடிச்சிருச்சு!"

கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கால் கட்டோடு இருந்த ஒரு பெரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். டிரைவர் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்து, "வெடிச்சே போச்சா?" என்றார்.

அப்போதுதான் அக்காவுக்குத் தான் எங்கே நின்று என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. "ஐயோ, உங்களுக்கு இல்லைங்க! யாருக்கும் இல்லைங்க! வானத்துலங்க! அங்க ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்குங்க!" என்று கையை மேலே காட்டிக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒரு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நடந்ததை ஒருவாறு ஊகித்துவிட்டு டிரைவரின் அருகே குனிந்தார். "எழுந்திருங்க. உங்க படத்தை இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். நெஞ்சுல ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. இருமலுக்கு மருந்து தர்றேன், பீடியை மட்டும் விட்டுடணும்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

டிரைவருக்கு உயிர் திரும்ப வந்தது. எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பெரியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்தார். கூடமே சிரிக்க ஆரம்பித்துவிட்டது, என்னத்துக்கு என்று தெரியாமல் பின்வரிசையும் சேர்ந்து சிரித்தது. சட்டையை ஒருவழியாக மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போன டிரைவர், என்னமோ ஞாபகம் வந்தவராகத் திரும்பி வந்தார்.

"அப்ப அந்தம்மா கத்தினாங்களே, அந்தப் புள்ளி? அது யாரோடதுங்க?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார்.

"என்னோடதுங்க," என்றாள் எக்ஸ்ரே அக்கா.